கல்லின் கறைக்குக் கூலியைப் பிடிப்பதா?

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த பஞ்சாலையில் நடந்த சங்கதி இது. ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். எந்த ஆலையிலும் நடக்கக் கூடியதுதான்.

கேட் முதல் கோடவுன் வரை இருந்த மண் தரையை மூடிப் பேவர் பிளாக் கல் பதித்தார்கள். சிவப்பும் சாம்பலுமாகக் கல் பளபளத்தது. பார்க்க வந்த பெரிய மனிதர்கள் மெச்சினார்கள். ஐப்பசி மழை வந்தது. மழை ஓய்ந்து வெயில் அடித்த நாலாம் நாள், முற்றமெல்லாம் சுண்ணாம்பைத் தெளித்தது போல வெள்ளை பூத்து நின்றது. லாரி நிற்கும் இடத்தில் கறுப்பாய் எண்ணெய்த் திட்டு. குழாயடியில் மஞ்சளும் பழுப்புமாய்த் துருக் கறை. சுவர் நிழலில் பச்சைப் பாசி.

முற்றத்தைக் கூட்டுவது காண்ட்ராக்டில் வந்த ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். மேஸ்திரி அவரைக் கூப்பிட்டு அதட்டினார்.

“ஏனக்கா, தினமும் கூட்டறேங்கறே. தரையைப் பாத்தியா? வெள்ளை வெள்ளையா நிக்குது.”

“ஏனுங்க மேஸ்திரி, மேலே விழுந்த குப்பைன்னா நான் கூட்டிப் போட்டுருவனுங்க. கல்லுக்குள்ளே இருந்து வர்றதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?”

இதைவிட நியாயமான பதில் ஒன்றை அன்று அந்த ஆலையில் எவரும் சொல்லவில்லை. ஆனால் கூலிக்காரி சொன்ன நியாயம் எடுபடுமா? மறு நாள் ஒரு கேன் ஆசிட் வந்தது. கையுறை வரவில்லை. கக்கூஸ் கழுவுகிற அதே ஆசிட். ஊற்றினார், பொங்கியது, துடைப்பத்தால் தேய்த்தார். கையும் காலும் வெந்து போயின. வெள்ளை மறைந்தது மெய்தான். ஆனால் பத்து நாளில் சிவப்புக் கல் வெளிறிப் போயிற்று. சாம்பல் கல்லில் மஞ்சள் படர்ந்தது. மேல் பூச்சு போய்ச் சரளைக் கல் பல்லிளித்தது. “கல்லைக் கெடுத்துவிட்டாள்” என்று அந்த அம்மாளின் கூலியில் மூன்று நாள் பிடித்தார்கள்.

தொழிலாளிகள் படிக்கிற பத்திரிகையில் தரைக் கறையைப் பற்றி என்ன கட்டுரை என்று சிலர் கேட்கக் கூடும். இன்று ஆலை முற்றத்தில் பேவர் கல். பஸ் நிலையத்தில் பேவர் கல். கிராமத்துத் தெருவிலும் சேரித் தெருவிலும் பேவர் கல். அதை வார்ப்பவர் தொழிலாளி. சுமந்து பதிப்பவர் தொழிலாளி. அதன் மேல் பாரம் தூக்கி நடப்பவரும், அதைக் கூட்டுபவரும் தொழிலாளிதான். கறை விழுந்தால் பழியும் அவர் தலையில்தான் விழுகிறது. ஆகவே கறை எங்கிருந்து வருகிறது, எப்படித் தடுப்பது, வந்த பின் என்ன செய்வது என்ற விஷயம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவனை ஏய்ப்பது கடினம்.

வெள்ளை பூப்பது ஏன்?

விவசாயத் தொழிலாளர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. உவர் நிலத்தைப் பார்த்திருக்கிறீர்கள். மழை பெய்து ஈரம் இறங்குகிறது. வெயில் ஏற ஏற, அந்த ஈரம் மண்ணின் நுண்ணிய துவாரங்கள் வழியே மேலே ஏறுகிறது. ஏறும்போது உப்பையும் கரைத்துக் கொண்டு வருகிறது. நீர் ஆவியாய்ப் போய் விடுகிறது. உப்பு மேலே தங்கி வெள்ளையாய்ப் பூக்கிறது. பழைய செங்கல் சுவரில் உப்புப் பூப்பதும் இப்படித்தான்.

பேவர் கல்லிலும் இதே கதைதான். சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது ஒருவகைச் சுண்ணாம்பு உண்டாகிறது. கால்சியம் ஹைட்ராக்ஸைடு என்று அதற்குப் பெயர். கல்லுக்குள் நீர் புகுந்தால் இந்தச் சுண்ணாம்பு அதில் கரைந்து மேலே வருகிறது. காற்றில் உள்ள கரியமில வாயு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறி வெள்ளையாய்ப் படிந்து விடுகிறது. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு காய்ந்து வெளுப்பதும் இதே காரியம்தான். கல் வார்க்க உப்புத் தண்ணீரை ஊற்றியிருந்தால் அந்த உப்பும் கூடச் சேர்ந்து கொள்ளும்.

அப்படியானால் இந்த வெள்ளைக்கு யார் பொறுப்பு? கல் வார்க்கும் களத்தைப் பாருங்கள். கலவையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் அது அச்சில் சுலபமாகப் பரவும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த அதிகத் தண்ணீர் வற்றிப் போன இடமெல்லாம் நுண்ணிய துவாரமாக நின்றுவிடும். சிமெண்டைக் குறைத்தால் துவாரம் இன்னும் பெருகும். வார்த்த கல்லை ஈரம் காயாமல் வைத்துப் பக்குவப்படுத்த வேண்டும். காங்கிரீட்டின் பலத்தை 28-ஆம் நாளில்தான் சோதித்துக் கணக்கிடுவது வழக்கம். இங்கேயோ இறுகாத கல்லையே லாரியில் ஏற்றி விடுகிற காண்ட்ராக்டர்கள் உண்டு. கல் ஒன்றுக்கு இத்தனை காசு என்று பீஸ் ரேட்டில் உழைக்கிற தொழிலாளி, “இன்னும் ஒரு வாரம் ஆறட்டும்” என்று சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த நாள் வேலை உண்டா?

அடுத்தபடி பதிக்கும் இடம். கல்லுக்கு அடியில் கெட்டித்த தளம் வேண்டும். நீர் தேங்காத மணல் படுக்கை வேண்டும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்தால் மழைநீர் ஓடிவிடும். வாட்டம் இல்லாமல் மண்ணை நிரவிக் கல்லைப் பரப்பினால், அடியில் தேங்கிய நீர் கல் வழியேதான் மேலே ஏறும். பிறகு வருஷம் முழுவதும் வெள்ளையும் பாசியும்தான்.

ஆக, துடைப்பம் தரையைத் தொடுவதற்கு முன்பே கறையின் பாதிக் கதை முடிந்து போகிறது. களத்தில் மிச்சம் பிடித்த சிமெண்டும், தளத்தில் மிச்சம் பிடித்த கூலியும்தான் முற்றத்தில் வெள்ளையாய்ப் பூக்கின்றன.

இந்த வெள்ளைக்குப் பரிகாரம் என்ன? முதலில் அவசரப்படாமல் இருப்பது. நல்ல கல்லிலும் சிறிது வெள்ளை பூக்கலாம். கல்லுக்குள் கரையக்கூடிய சுண்ணாம்புக்கு ஒரு அளவு உண்டு. அது தீரத் தீரப் பூப்பதும் குறையும். மழைநீர் மேலே படிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டு போகும். நடக்கிற காலடியும் தேய்த்துவிடும். அதுவரை, காய்ந்த நிலையில், தண்ணீர் விடாமல், கெட்டியான நார் பிரஷ்ஷால் தேய்த்துப் பொடியைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். ஈரத்தோடு தேய்த்தால் கரைகிற உப்பு திரும்பக் கல்லுக்குள்ளேயே இறங்கிவிடும். ஓரிரு மழைக்காலம் கடந்தும் ஓயாமல் பூத்தால், அடியில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். அப்போது பார்க்க வேண்டியது வடிகாலை.

ஆசிட் செய்யும் வேலை

ஆசிட் ஊற்றியதும் பொங்குகிறதே, அது அழுக்கு பொங்குவதாக நாம் நினைக்கிறோம். பொங்குவது கல். சிமெண்டு காரத் தன்மை உள்ள பொருள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது மேலே படிந்த வெள்ளையைக் கரைத்துவிட்டு அதோடு நிற்காது. சரளையையும் மணலையும் பிடித்து வைத்திருக்கிற சிமெண்டையே கரைக்கத் தொடங்கும். வண்ணக் கல்லானால் நிறம் சிமெண்டோடு போகும். மட்டமான ஆசிட்டில் இரும்புச் சத்து கலந்திருக்கும். அது கல்லில் மஞ்சளாய் இறங்கும். மேல் தோல் போன கல் முன்னைக் காட்டிலும் அதிகமாக நீரையும் எண்ணெயையும் குடிக்கும். அடுத்த கறை இன்னும் ஆழமாய் இறங்கும். அதற்கு இன்னும் ஆசிட்! கடையில் ஆசிட் விற்றுக் கொண்டே இருக்கும். கல் தேய்ந்து கொண்டே இருக்கும். ஊற்றுகிற கை வெந்து கொண்டே இருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. துப்புரவு செய்யும் தோழர்கள் ஒவ்வொருவரும் இதை மனதில் பதித்துக் கொள்ள வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றக் கூடாது. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். 1915-இல் முதல் உலக யுத்தத்தில் மனிதர்களைக் கொல்லப் போர்க்களத்தில் திறந்துவிட்ட வாயு அதுதான். கண் எரிந்து, தொண்டை அடைத்து, மூச்சு முட்டினால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் காற்றோட்டமான வெளிக்கு ஓடிவிட வேண்டும். பிறகு வைத்தியரிடம் போக வேண்டும்.

ஆசிட் கையிலோ கண்ணிலோ பட்டுவிட்டால் எண்ணெய், பற்பசை, சுண்ணாம்பு என்று எதையும் பூசக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விலக்கிப் பிடித்துக் கழுவிக் கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். “வேலை முடியட்டும், அப்புறம் போ” என்று எவராவது சொன்னால் அதை யாரும் கேட்கக் கூடாது.

கறைக்குத் தக்க மருந்து

எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற வைத்தியரை நாம் நம்புவதில்லை. கறை விஷயமும் அப்படியே. என்ன கறை என்று முதலில் பார்க்க வேண்டும். எந்த மருந்தானாலும் ஒரு மூலையில் ஒரு கல்லில் போட்டுப் பார்த்து, கல் கெடவில்லை என்று கண்ட பிறகே மற்ற இடத்தில் போட வேண்டும்.

எண்ணெய்: லாரி ஒழுக்கோ, டிராக்டர் ஒழுக்கோ, தரையில் எண்ணெய் விழுந்ததும் தண்ணீரை ஊற்றாதீர்கள், தேய்க்காதீர்கள். ஆலைத் தொழிலாளிக்கு இது தெரியும். நூலில் சொட்டிய எண்ணெயைத் தேய்த்தால் பரவும். ஒற்றி எடுத்தால் அடங்கும். மரத்தூள், உமிச்சாம்பல், உலர்ந்த மணல், எது கிடைக்கிறதோ அதைக் குவித்து எண்ணெயைக் குடிக்க விட்டு, கூட்டி அள்ளி, மீண்டும் ஒருமுறை அப்படியே செய்யுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும். உள்ளே இறங்கிவிட்ட பழைய கறைக்குப் பற்றுப் போட வேண்டும். சலித்த களிமண்ணையோ சுண்ணாம்புக்கல் பொடியையோ கெட்டியான சோப்புக் கரைசலில் கூழாகக் குழைத்து, அரை விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒரு நாள் மூடி வையுங்கள். பிறகு திறந்து காயவிட்டு மரத் தகட்டால் சுரண்டி எடுங்கள். காயக் காயப் பற்று எண்ணெயை மேலே இழுத்துக் கொள்ளும். ஒரே தடவையில் போகாது. மூன்று நாலு தடவை போட வேண்டியிருக்கும். இதற்குப் பொறுமையும் கூலியும் வேண்டும். லாரி நிற்கும் இடத்தில் ஒரு மணல் தட்டை வைத்துவிட்டால் இரண்டும் மிச்சம்.

துரு: இரும்புப் பீரோவின் கால், வெட்டிப் போட்ட கம்பி, இரும்புச் சத்துள்ள ஆழ்கிணற்றுத் தண்ணீர் ஆகியவற்றால் வருவது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் அதன் துணுக்குகள் கல்லில் ஒட்டி, அவையும் துருப்பிடிக்கும். ஆகவே கல்லில் கம்பி பிரஷ் கூடாது. கிராமத்தில் இன்னொரு காரணமும் உண்டு. பயிர் வெளுத்தால் தெளிக்கிற அன்னபேதி இரும்பு உப்புதான். அந்த மூட்டை தெருவில் ஈரத்தோடு கிடந்தால் பழுப்புக் கறை நிச்சயம். அமோனியம் சல்பேட் உர மூட்டை கிடந்தால் கறையோடு போகாது; அது காங்கிரீட்டையே அரிக்கும். மூட்டையைப் பலகை மேல் அடுக்குவதே தடுப்பு. துருக் கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பயன்படும். மொசைக் தரைக்குப் பாலிஷ் போடும் தொழிலாளிகளுக்குத் தெரிந்த சரக்கு அது. ஆனால் அது விஷம். ரப்பர் கையுறை போட்டுக் கொண்டு கறை மேல் மட்டும் தடவி, சிறிது நேரத்தில் தாராளமாக நீர் விட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

பாசி: நிழல், ஈரம், இடுக்கில் தங்கிய மண் ஆகிய மூன்றும் கூடினால் பாசி வரும். இது அழகுப் பிரச்னை அல்ல. மூட்டை சுமந்து வருகிறவன் வழுக்கி விழுந்தால் இடுப்பு ஒடியும். பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை விட்டுக் கழுவலாம். அது குளத்திலோ மாட்டுத் தொட்டியிலோ போய்ச் சேராமல் பார்த்துக் கொள்ள வேண்டும். வடிகாலைச் சரி செய்யாமல் பாசியை மட்டும் தேய்த்தால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும்.

இலை, பழம்: புளிய மரம், நாவல் மரம் நிற்கும் தெருவில் கறை படிந்தே தீரும். அதற்காக மரத்தை வெட்டச் சொல்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். நாவல் பழம் உதிரும் காலத்தில் அன்றன்றே கூட்டி நீர் விட்டால் போதும். மிஞ்சுகிற இலைக் கறையை வெயிலும் மழையும் சில வாரத்தில் வெளுத்துவிடும். நிழல் தருகிற மரம் பெரிதா, இரண்டு மாதக் கறை பெரிதா?

சிமெண்டுக் கலவை, பெயிண்ட்: தெருவிலேயே கலவை போடுவது நம் ஊர்ப் பழக்கம். இறுகிவிட்டால் அது கல்லோடு கல்லாகிவிடும். அடியில் ஒரு தகரமோ தார்ப்பாயோ விரித்துக் கலப்பதற்கு என்ன செலவு? பெயிண்ட் சிந்தினால் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள்.

பேவர் கல்லுக்கு வேறெந்தத் தரைக்கும் இல்லாத ஒரு பெருமை உண்டு. கறை போகவே இல்லை என்றால் அந்த ஒரு கல்லை மட்டும் நெம்பி எடுத்துவிட்டு வேறு கல்லை வைத்து, இடுக்கில் மணலை நிரப்பிவிடலாம். ஆகவே பதிக்கும்போதே நூற்றுக்கு இரண்டு மூன்று கல்லை அதே வார்ப்பிலிருந்து மீத்து வைத்திருக்க வேண்டும். வேறு வார்ப்புக் கல் நிறம் சேராது. பிரஷர் குழாயால் பீய்ச்சிக் கழுவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இடுக்கு மணல் பறந்துவிட்டால் கல் ஆடத் தொடங்கும். கழுவிய பின் மணலைத் திரும்ப நிரப்ப வேண்டும்.

“சீலர் பூசிவிட்டால் கறையே படாது” என்று டப்பாவோடு வருகிறார்கள். சீலர் எண்ணெய் இறங்குவதைத் தாமதப்படுத்தும். துடைக்க அவகாசம் கிடைக்கும். அவ்வளவே. சில வருஷங்களுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வெள்ளை பூப்பது அடங்குவதற்கு முன் பூசினால் வெள்ளை சீலருக்கு அடியிலேயே மாட்டிக் கொள்ளும். பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

கிராமத்துத் தெருவில்

ஆலை முற்றம் முதலாளியின் பணம். கிராமத்துத் தெரு நம் பணம். அங்கே மட்டமான கல்லைப் பதித்தால் யார் கேட்பது? நாம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு அளவுகோலும் இருக்கிறது.

பேவர் கல்லுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2006-இல் ஐ.எஸ். 15658 என்ற தர விதியை வெளியிட்டது. கல் எவ்வளவு நீரைக் குடிக்கலாம் என்பதற்கு அந்த விதியில் எல்லை உண்டு. சராசரி 6 சதவீதத்துக்கு மேல் கூடாது. தனி ஒரு கல்லானாலும் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கறை விஷயத்தில் இந்த எண் முக்கியமானது. நீரை அதிகம் குடிக்கிற கல்தான் எண்ணெயையும் குடிக்கும், வெள்ளையையும் கக்கும்.

இதை ஓரளவு நாமே பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த ஒரு கல்லைத் தராசில் நிறுத்துங்கள். 3 கிலோ என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, மேல் நீரைத் துடைத்து மறுபடி நிறுத்துங்கள். 180 கிராம் வரை ஏறினால் 6 சதவீதம். 300 கிராம் ஏறினால்? 10 சதவீதம். அந்தக் கல்லைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். அவ்வளவு நேரம் இல்லையென்றால், காய்ந்த கல் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்தால் கல் தாகத்தோடு இருக்கிறது என்று தெரிந்து கொள்ளலாம். ஆய்வுக்கூடத்தில் கல்லை உலையில் உலர்த்தி முறையாகச் சோதிப்பார்கள். நம் சோதனை சந்தேகம் எழுப்பப் போதும்; தீர்ப்புக்கு அவர்கள் சோதனை வேண்டும்.

அந்தச் சோதனையை எப்படிக் கேட்பது? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகிதத்தைப் பார்க்க மட்டும் உரிமை தரவில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அதில் உரிமை உண்டு. தெருவில் பதித்த கல்லின் மாதிரியைக் கேட்டு வாங்கலாம். எஸ்டிமேட்டில் என்ன தரம் எழுதியிருக்கிறது, சோதனை அறிக்கை எங்கே என்றும் கேட்கலாம். கிராம சபையிலும் கேட்கலாம். நம் மாநிலத்தில் கிராம சபை கூடும் நாட்களில் மே தினமும் ஒன்று. அந்த நாளில் உழைப்பாளி எழுந்து நின்று, “எங்கள் தெருக் கல் எவ்வளவு நீர் குடிக்கிறது?” என்று கேட்பது பொருத்தமானதே. பதித்த பிறகு கேட்பதைக் காட்டிலும், லாரியிலிருந்து கல் இறங்கும்போதே கேட்பது மேல்.

நம் பங்கு

பிறரைக் குறை சொல்லிவிட்டு நம்மைப் பார்க்காமல் விடுவது நேர்மை ஆகாது. வெற்றிலைப் பாக்குப் போட்டுத் தெருவில் துப்புகிறவர்கள் யார்? முதலாளி காரை விட்டு இறங்கி வந்தா துப்புகிறார்? பாக்கின் துவர்ப்பும் சுண்ணாம்பின் காரமும் சேர்ந்துதான் அந்தச் சிவப்பு. சிமெண்டுக் கல்லும் காரப் பொருளாதலால் அதில் இது நன்றாகப் பிடித்துக் கொள்ளும். சோடா போட்டுத் தேய்த்தால் சிவப்பு இன்னும் உறுதிப்படும். விழுந்த உடனே நிறைய நீர் விட்டால்தான் போகும். விழுந்த உடனே நீர் விட யார் காத்திருப்பார்கள்? நாம் துப்பியதைத் தேய்க்கக் குனிவது நம்மைப் போன்ற இன்னொரு தொழிலாளி. பெரும்பாலும் ஒரு பெண். ஷிப்டு முடிந்து வரும் களைப்பில் நாம் துப்புகிற ஒரு வாய் எச்சில், அவருக்கு அரை மணி நேர இடுப்பு வலி. இதை ஒவ்வொரு யூனியன் கூட்டத்திலும் சொல்ல வேண்டும். முதலில் நாம் நிறுத்த வேண்டும்.

அதுபோலவே, கல் பதிக்கிற நம் தோழர்கள் கெட்ட கல்லைக் கண்டால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தனி ஆளாகச் சொன்னால் வேலை போகும் என்ற பயம் நியாயமானது. பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் அந்தப் பயம் காண்ட்ராக்டருக்குப் போகும்.

என்ன கேட்க வேண்டும்?

கல்லுக்கு நஷ்டம் என்று கூலியைப் பிடித்தார்களே, அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? தொழிலாளியின் அசட்டையால்தான் நஷ்டம் வந்தது என்று காட்டாமலும், அவருடைய சமாதானத்தைக் கேட்காமலும் பிடிக்க முடியாது. இது 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. கல்லுக்குள்ளிருந்து வந்த வெள்ளை எப்படிக் கூட்டுகிறவரின் அசட்டையாகும்? மேஸ்திரியின் உத்தரவுப்படி ஊற்றிய ஆசிட் எப்படி அவர் குற்றமாகும்?

எங்கள் ஆலையில் இந்தக் கேள்வியை யூனியன் எடுத்தது. காண்ட்ராக்டுத் தொழிலாளி நம் மெம்பர் இல்லையே என்று தயங்கியவர்களும் இருந்தார்கள். தயக்கத்தை உடைத்தது அந்த அம்மாளின் கைதான். கட்டுப் போட்ட கையோடு அவர் கேட்டில் நின்றதைப் பார்த்தபின் எவரும் மெம்பர் நோட்டைப் புரட்டவில்லை. பிடித்த மூன்று நாள் கூலி திரும்பி வந்தது. ரப்பர் கையுறையும் பூட்ஸும் வந்தன. ஆசிட் கேன் போய், மரத்தூள் மூட்டையும் நார் பிரஷ்ஷும் வந்தன. ஆனால் கை பழையபடி ஆகவில்லை. சுண்டு விரல் இன்றும் மடங்காது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. சோதித்த கல்லை மட்டுமே பதிக்க வேண்டும். வாட்டமும் வடிகாலும் இல்லாமல் கல் பதிக்கக் கூடாது. தரை கழுவுகிறவர் கையில் ஆசிட்டைக் கொடுக்கக் கூடாது. கையுறை, பூட்ஸ், கண்ணாடி எல்லாம் நிர்வாகத்தின் செலவில் வர வேண்டும். எந்தக் கறைக்கு எது மருந்து என்று கூட்டுகிறவருக்குச் சொல்லித் தர வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி தர வேண்டும். கறைக்காக ஒரு காசும் கூலியில் பிடிக்கக் கூடாது.

இவையெல்லாம் பெரிய கோரிக்கைகளா? ஒரு லாரிக் கல்லைச் சோதிக்கும் செலவு, வெந்து போன ஒரு கைக்கு ஈடாகுமா? கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கட்டும்.

உங்கள் ஆலை முற்றத்தில், உங்கள் தெருவில் பேவர் கல் வெள்ளை பூத்து நின்றால், அதைக் கூட்டுகிறவரை நோக்கி விரலை நீட்டாதீர்கள். குனிந்து கல்லைப் பாருங்கள். அது எங்கே வார்த்தது, எத்தனை நாள் ஆறியது, அடியில் என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். கூட்டுகிறவரையும் பக்கத்தில் நிறுத்திக் கொண்டு கேளுங்கள். அந்தக் கல்லைப் பற்றி ஊரில் அதிகம் தெரிந்தவர் அவர்தான்.